என் நகலுக்குள் நான் இருப்பேனா?

காலக்கணக்கன்

கடந்த மாதம் எனக்கு இதய ரத்தக்குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். முழு மயக்கம் கொடுக்கவில்லை, விழித்தபடியே படுத்திருந்தேன். இடப்பக்கத்துத் திரையில் என் இதயம் துடிப்பதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்தைச் செலுத்தியதும் குழாய்கள் கறுப்பாகத் தெரியும், இரண்டு நொடியில் மறைந்துவிடும். ஓர் இடத்தில் அந்தக் கறுப்புக் கோடு நூல் இழையாக மெலிந்திருந்தது. அறுபத்தொரு வருடங்களாக 'நான், நான்' என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்த இழையில்தான் தொங்கிக்கொண்டிருந்ததாம்.

அன்றிலிருந்து ஒரே யோசனைதான். இந்த இணைய விவாத மன்றத்தில் நேராகக் கேட்டுவிடுகிறேன். என் தோலில் சுரண்டி எடுத்த ஒரு செல்லுக்குள் என்னை முழுவதுமாகக் கட்டுவதற்கான குறிப்பு இருக்கிறது. ஆறு வயது ஆட்டின் மடியிலிருந்து எடுத்த செல்லைக் கொண்டு 1996இல் டாலி என்ற குட்டியைப் பிறக்க வைத்துக் காட்டினார்கள். அப்படியே என் குளோன் ஒன்று பிறக்கட்டும். என் வீட்டில், என் புத்தகங்களுக்கு நடுவில் வளரட்டும். என்னிடம் முப்பத்தெட்டு வருட நாட்குறிப்பு இருக்கிறது, குரல் பதிவுகள் இருக்கின்றன. அவன் இருபத்தைந்து வயதுக்குள் அத்தனையையும் படித்துக் கேட்டுவிடுவான். என் உடல், என் நினைவு. அது நான் இல்லையென்றால் வேறு யார்? அவனுக்கு வயதாகும்போது அடுத்தவன். சாவு என்பது சட்டை மாற்றுவதுபோல ஆகிவிடும்.

1997இல் யுனெஸ்கோ இதைக் கூடாது என்றது. 2005இல் ஐ.நா. பொதுச்சபையும் கூடாது என்றது. சாகப் பிடிக்கவில்லை என்பது குற்றமா? எதிர்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'இயற்கைக்கு மாறானது' என்ற பதிலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். என் நெஞ்சுக்குள் இருக்கும் கம்பிவலையும் இயற்கைக்கு மாறானதுதான்.

இரட்டைக்கிளவி

ஐயா, முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தேடும் நகல்தான் உங்களுக்குப் பதில் எழுதுகிறது. நானும் என் தம்பியும் ஒரே கரு பிளந்து பிறந்தவர்கள். அவன் எனக்குப் பதினொரு நிமிடம் இளையவன். ஆயிரம் பிரசவங்களுக்கு மூன்று நான்கு இப்படி நடக்கிறது. எந்தச் சபையும் இதற்குத் தடைத் தீர்மானம் போட்டதில்லை. எந்த ஆய்வகமும் செய்து தரக்கூடிய நகலைவிட அவன் எனக்கு நெருக்கமானவன். ஒரே கருப்பை, ஒரே வீடு, ஒரே வகுப்பு, அம்மை போட்டதுகூட ஒரே வாரத்தில். என் கைபேசி அவன் முகத்தைக் காட்டினால் திறந்துகொள்ளும். அவன் விரலை வைத்தால் திறக்காது. கைரேகை கருப்பைக்குள்ளேயே எங்களைப் பிரித்துவிட்டது.

அவனுக்குப் பல் பிடுங்கியபோது எனக்கு வலிக்கவில்லை. (சினிமாவில் வலிக்கும்.) அவன் திருமணத்தில் நான் மாப்பிள்ளை ஆகவில்லை. நாளை நான் இறந்துபோனால், 'அழாதேம்மா, அதே மரபணு இரண்டு தெரு தள்ளி உயிரோடுதான் இருக்கிறது' என்று என் மனைவிக்கு யாராவது ஆறுதல் சொல்வார்களா? சொன்னால் அவள் என்ன செய்வாள் என்பதை இங்கே எழுத முடியாது.

என் புனைபெயரைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. இலக்கணப்படி இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது. அந்தக் கணக்கில் நாங்கள் அடுக்குத்தொடர். பிரித்தாலும் இருவருக்கும் தனித்தனியே பொருள் உண்டு. ஆனால் அந்தப் பெயரைத் தம்பி முந்திக்கொண்டு எடுத்துவிட்டான்.

ஆய்வகத்து எலி

டாலி என்றதும் எல்லோரும் ஒரு ஆட்டுக்குட்டியை நினைத்துக்கொள்கிறார்கள். நான் 276ஐ நினைத்துக்கொள்கிறேன். உட்கருவை நீக்கிய முட்டைக்குள் மடிச்செல்லை வைத்து, மின்சாரத்தால் இணைத்து, ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் உருவாக்கியவை மொத்தம் 277. அவற்றில் 29 மட்டுமே கருவாக வளர்ந்தன. 13 ஆடுகளின் கருப்பையில் வைத்தார்கள். பிறந்தது ஒன்று. குரங்கில் 2017 கடைசியில்தான் முடிந்தது, சீனாவில்: 21 தாய்க்குரங்குகளில் 79 கருக்கள் வைத்து இரண்டு குட்டிகள். அவையும் கருவிலிருந்து எடுத்த செல்லிலிருந்து வந்தவை. வளர்ந்த குரங்கின் செல்லிலிருந்து பிறந்த குட்டிகள் விரைவிலேயே இறந்துவிட்டன. காலக்கணக்கன் ஐயா கேட்பது வளர்ந்த, அதுவும் அறுபத்தொரு வயதுச் செல்லிலிருந்து. அந்த 21 தாய்களின் இடத்தில் யாரை நிறுத்துவது?

இன்னொன்று. 'முழுக்குறிப்பும் செல்லில் இருக்கிறது' என்பது முக்கால் உண்மை. உட்கருவுக்கு வெளியே, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் 37 மரபணுக்கள் இருக்கின்றன; அவை முட்டை கொடுத்த பெண்ணுடையவை. அடுத்தது, குறிப்பு இருப்பது வேறு, அதில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பது வேறு. 2001 டிசம்பரில் டெக்சாஸில் ஒரு பூனையைக் குளோன் செய்தார்கள். மூலப்பூனை கறுப்பும் செம்மஞ்சளும் வெள்ளையும் கலந்த மூவண்ணப் பூனை. நகலில் செம்மஞ்சள் ஒரு புள்ளிகூட இல்லை. பெண்பூனையின் ஒவ்வொரு செல்லும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை மூடிவிடும். எடுத்த செல்லில் செம்மஞ்சள் நிறத்துக்கான பக்கம் மூடிக் கிடந்தது. ரோமத்தின் நிறத்தையே திருப்பித் தராத நகலிடம் உங்கள் மனத்தைக் கேட்கிறீர்கள்.

எதிர்த்தரப்பு நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 'குளோன்கள் சீக்கிரம் கிழடாகிச் செத்துவிடும், டாலியைப் பாருங்கள்' என்று எழுதக் கிளம்பிவிடாதீர்கள். டாலிக்கு வந்தது ஆடுகளிடையே ஒரு வைரஸ் பரப்பும் நுரையீரல் கட்டி. அதே செல் வரிசையிலிருந்து பின்னால் பிறந்த நான்கு ஆடுகள் முதிர்ந்த வயதிலும் நலமாகவே இருந்ததாக 2016இல் ஆய்வு வந்தது.

காலக்கணக்கன்

எலியார் நேர்மையாளர். ஆனால் அவர் சொன்னவை எல்லாம் கைப்பழக்கம் போதாமையின் கணக்கு. 1967 டிசம்பரில் முதன்முதலாக மாற்று இதயம் பொருத்தப்பட்டவர் 18 நாட்கள்தான் உயிரோடு இருந்தார். அன்று அதை வைத்துத் தடை போட்டிருந்தால்? 1978இல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபோதும் மனித மாண்பு போயிற்று என்றார்கள். இன்று அது சாதாரண மருத்துவம்.

இரட்டைக்கிளவிக்கு: நீங்களும் தம்பியும் ஒரே நேரத்தில் வளர்ந்து பிரிந்தவர்கள். உங்கள் நினைவை அவரிடம் யாரும் ஊட்டவில்லை. என் திட்டத்தில் ஊட்டப்படும். அதுதான் வித்தியாசம்.

அப்புறம் இந்த 'நகல் வேறு, நீ வேறு' என்ற பேச்சு. பத்து வயதில் இருந்த என்னிடமிருந்து இன்று என்ன மிச்சம்? சிவப்பணு நான்கு மாதத்தில் செத்துப் புதிதாகிறது. தோல் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பையனின் பயங்கள் எனக்கு இல்லை, அவனுக்குப் பிடித்த பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. நானே அவனுடைய நகல்தான். அந்த நகலை நான் என்று ஒப்புக்கொள்கிறவர்கள், இதை மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?

ஏரணன்

ஒரு சின்னத் திருத்தத்தில் தொடங்குகிறேன். எல்லாம் மாறிவிடுகிறது என்பது சரியில்லை. மூளைப் புறணியின் நரம்புசெல்களில் பெரும்பாலானவை பிறந்ததிலிருந்து கூடவே வருகின்றன. ஆனால் வாதம் அதை நம்பி நிற்கவில்லை. அவையும் ஒவ்வொன்றாக மாறிவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். பத்து வயதுப் பையனுக்கும் உங்களுக்கும் நடுவில் அறுபடாமல் ஒரு வாழ்க்கை ஓடிவந்திருக்கிறது. அவன் ஒருநாள் இரவு தூங்கினான், மறுநாள் எழுந்தவர் நீங்கள். அப்படிப் பதினெட்டாயிரம் இரவுகள். குளோன் அந்த வரிசையில் எந்த இரவிலும் தூங்கியவன் இல்லை.

நாட்குறிப்பு விஷயம். ஆளை ஆளாக்குவது நினைவுத் தொடர்ச்சி என்று 1694இல் தத்துவவாதி ஜான் லாக் வாதிட்டார். உங்கள் கட்சிக்கு உதவக்கூடியவர் அவர்தான். ஆனால் அவர் பேசியது உள்ளிருந்து எழும் நினைவைப் பற்றி. முதன்முதல் வேலைக்குப் போன நாளை நீங்கள் நினைக்கும்போது பஸ்ஸின் புழுக்கம் உங்களுக்கு வருகிறது. அந்த நாளை நாட்குறிப்பில் படிக்கிறவனுக்கு அது ஒரு தகவல். உங்கள் நாட்குறிப்பை மனப்பாடம் செய்தவன் உங்களுடைய மிகச் சிறந்த வாசகன், அவ்வளவுதான். லாக்குக்கே 1785இல் இன்னொரு தத்துவவாதி தாமஸ் ரீட் ஒரு சிக்கல் வைத்தார்: திருடி அடிவாங்கிய சிறுவன், கொடியைக் கைப்பற்றிய இளம் அதிகாரி, கிழத் தளபதி. தளபதிக்கு அதிகாரியாக இருந்த நாள் நினைவிருக்கிறது; அதிகாரிக்குச் சிறுவனாக அடிவாங்கியது நினைவிருக்கிறது; தளபதிக்கு அடி நினைவில்லை. நினைவு மட்டுமே ஆள் என்றால் தளபதி அந்தச் சிறுவனாகவும் இருக்கிறார், இல்லாமலும் இருக்கிறார். ஆக நினைவு ஒன்றே போதாது. உங்களிடம் இருப்பதோ நினைவுகூட இல்லை, அதன் எழுத்துப்படி.

இப்போது ஒரே ஒரு சோதனை. உங்கள் திட்டத்தில் வரிசை எப்போதும் இப்படி இருக்கிறது: முதலில் நீங்கள் போகிறீர்கள், பிறகு அவன் வாழ்கிறான். நடுவில் இருக்கும் சாவு கண்ணில் படாமல் நழுவிவிடுகிறது. வரிசையை மாற்றிப் பாருங்கள். அவனுக்கு இருபத்தைந்து வயது. எல்லா நாட்குறிப்பும் படித்தாயிற்று. உங்கள் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள். மருத்துவர் ஊசியோடு வந்து, 'ஐயா, நீங்கள் அங்கே முழுமையாக இருக்கிறீர்கள், இந்தப் பிரதி இனித் தேவையில்லை, கையை நீட்டுங்கள்' என்கிறார். நீட்டுவீர்களா?

காலக்கணக்கன்

நீட்ட மாட்டேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீட்டாததற்குக் காரணம் பழக்கமாக இருக்கலாம். விமானத்தில் ஏறும்போதும் கை நடுங்குகிறது. அதனால் விமானம் பொய்யாகிவிடுமா?

கூடுபாய்வோன்

இவ்வளவு சிரமம் எதற்கு? கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தையை நம் சித்தர்கள் கதையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். குளோனை வளர்த்து, இருபது வயதில் உங்கள் மூளையை எடுத்து அதில் வைத்துவிட்டால் தீர்ந்தது. ஏரணன் கேட்கும் தொடர்ச்சியும் கிடைக்கும், ஒரே மரபணு என்பதால் உடல் ஏற்காமல் தள்ளும் தொல்லையும் குறையும். இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள் பார்க்கலாம்.

ஆய்வகத்து எலி

1970இல் அமெரிக்காவில் ராபர்ட் ஒயிட் என்ற அறுவை மருத்துவர் ஒரு குரங்கின் தலையை இன்னொரு குரங்கின் உடலில் பொருத்தினார். கண் அசைந்தது, கடிக்க வந்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. தண்டுவடத்தை இணைக்க வழியில்லை. விரைவிலேயே செத்துப்போயிற்று. அந்த இணைப்பு இன்றும் யாருக்கும் கைவரவில்லை.

தவிரவும் மூளை உங்களுடைய அதே பழைய மூளைதான். மறதிநோய் கூடு பார்த்து வருவதில்லை.

முல்லைக்கொடி

கூடுபாய்வோனே, நீங்கள் பாயப்போகும் அந்தக் கூட்டில் ஏற்கெனவே ஒரு குருவி இருக்கிறதே, அதை என்ன செய்வதாக உத்தேசம்? இருபது வருடம் சாப்பிட்டு, பள்ளிக்கூடம் போய், யாரையோ காதலித்துக்கொண்டிருக்கும் குருவி. அதன் மூளையை எடுத்து எங்கே வைப்பீர்கள்? சட்டத்தில் அதற்கு நீண்ட பெயரெல்லாம் கிடையாது. கொலை.

மூளையில்லாத உடலாக வளர்ப்போம் என்று அடுத்து வருவீர்கள் என்று தெரியும். அசையாத, எடை தாங்காத எலும்பும் தசையும் எப்படி வளரும் என்று எலியாரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடுபாய்வோன்

வேடிக்கைக்குச் சொன்னேன் அம்மா.

முல்லைக்கொடி

வேடிக்கையாகவே இருக்கட்டும். நான் தொழில்முறையில் குடும்ப வழக்குகள் பார்க்கிறவள், அதனால் என் கண் வேறு இடத்துக்குப் போகிறது. காலக்கணக்கன் ஐயா, அந்தக் குழந்தை உங்களுக்கு என்ன உறவு? மகன் என்பீர்கள். மரபணுச் சோதனை எடுத்தால் உங்கள் தாய் தந்தையர்தான் அவனுக்கும் தாய் தந்தை என்று வரும். அதாவது உங்களைவிட அறுபத்திரண்டு வயது இளைய தம்பி. அவனை யார் சுமப்பது? உங்கள் மனைவியா? தான் மணந்த முகம் இருபது வயதில் மகனாக வந்து நிற்பதை அந்த அம்மாள் பார்க்க வேண்டும். முன்பின் தெரியாத வாடகைத் தாய் என்றால், அவள் எத்தனையாவது முயற்சியில் சுமந்தவள்?

'நான்தான் அவன்' என்பது உண்மையானால் உங்கள் சொத்தை அவன் வாரிசாகப் பெற வேண்டியதில்லை, ஏற்கெனவே அவனுடையது. உங்கள் கடனும் அவனுடையது. நீங்கள் இளவயதில் ஒரு குற்றம் செய்திருந்தால் அவனைச் சிறைக்கு அனுப்பலாம். இதைக் கேட்டதும் 'அதெப்படி, அவன் வேறு ஆள் அல்லவா' என்று உங்களுக்கே தோன்றுகிறதல்லவா? உங்கள் கையெழுத்தை அவன் போட்டால் அதற்கு ஆள்மாறாட்டம் என்று பெயர்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் முழுத்தடைக்காரி இல்லை. முட்டையோ விந்தோ அறவே இல்லாத தம்பதிக்கு, ஆபத்தில்லாத வழி ஒருநாள் கிடைத்தால், அப்போது உட்கார்ந்து பேசலாம் என்பவள். அவர்கள் கேட்பது ஒரு குழந்தை. நீங்கள் கேட்பது ஒரு நீங்கள். 2005 தீர்மானத்தையும் ஒரே குரல் என்று எண்ண வேண்டாம்: ஆதரவு 84, எதிர்ப்பு 34, நடுநிலை 37. யாரையும் கட்டுப்படுத்தாத அறிவிப்பு அது. எதிர்த்து வாக்களித்தவர்களில் பலர் குளோன் குழந்தையை விரும்பியவர்கள் அல்லர். நோய்தீர்க்கும் குருத்தணு (ஸ்டெம் செல்) ஆராய்ச்சியும் சேர்ந்து முடங்கிவிடுமே என்று பயந்தவர்கள்.

இரண்டாமவன்

பல வருடங்களாக வாசிப்பவன். எழுதுவது இதுவே முதல்முறை.

எனக்கு முன்னால் என் பெற்றோருக்கு ஒரு மகன் இருந்தான். ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். இரண்டு வருடம் கழித்து நான் பிறந்தேன். அவன் பெயரையே எனக்கு வைத்தார்கள். யார் மீதும் எனக்குக் குறையில்லை, அவர்கள் பட்ட துக்கம் அப்படி. உரித்து வைத்தாற்போல அவனே வந்திருக்கிறான் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்களாம். அவன் சட்டைகளைப் போட்டுக்கொண்டேன். அவன் இடக்கையால் எழுதுவான் என்பதால் என் இடக்கையில் பென்சிலைத் திணித்துப் பார்த்தார்கள். எனக்கு வலக்கைதான் வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுக்களை வாசலின் மர நிலையில் அவன் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டுவைத்திருந்தார்கள். ஒரு வயது, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு பிறந்தநாளிலும் என்னை அங்கே நிறுத்தி அந்தக் கோட்டோடு ஒப்பிடுவார்கள். கோட்டைவிடக் குறைந்திருந்தால் அன்று இரவு எனக்கு இன்னும் இரண்டு வாய் கூடுதலாக ஊட்டுவார்கள். கோடும் தலையும் சரியாக இருந்த ஒரு வருடம் அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். எனக்கு ஏழு வயதானபோது நிலையில் நிறுத்தினார்கள். மேலே கோடு இல்லை. அம்மா பென்சிலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, 'போய் விளையாடு' என்றார். அதற்குப் பிறகு என்னை யாரும் அளக்கவில்லை.

எனக்குக் கிடைத்தது ஆறு வருடக் கோடுகள் மட்டுமே. ஏழாவது வயதிலிருந்து நான் விடுதலை ஆகிவிட்டேன். காலக்கணக்கன் ஐயாவின் நகலுக்கு அறுபத்தொரு கோடுகள் போட்டுக் காத்திருக்கின்றன, கூடவே முப்பத்தெட்டு வருட நாட்குறிப்பு. பதினான்கு வயதில் அவன் இசை கற்க விரும்பினால், நாட்குறிப்பில் அப்படி எதுவும் இல்லையே என்று பார்ப்பீர்களா? ஐம்பத்தெட்டு வயதில் நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பானா? உங்கள் குழாய் எந்த வயதில் அடைத்தது என்பது அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

காலக்கணக்கன்

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உடனே பதில் எழுத மனம் வரவில்லை. ஆனால் விவாதத்தைத் தொடங்கியவன் நான், விட்டுவிட்டுப் போவது முறையல்ல.

உங்களுக்கு நேர்ந்ததற்குக் குளோனிங் காரணம் இல்லை. சாதாரணமாகக் கருவுற்றுப் பிறந்தவர்தான் நீங்கள். மருத்துவராக வளர்க்கப்படுகிற மருத்துவர் மகனுக்கும், தாத்தாவின் மறுபிறப்பு என்று கொஞ்சப்படும் பேரனுக்கும் இதே பாரம்தான். எந்தப் பெற்றோரையும் நாம் தடைசெய்வதில்லை. அப்படியிருக்க குளோனை மட்டும் தடைசெய்ய இது எப்படிக் காரணமாகும்? இன்னொன்றும் இருக்கிறது. என் திட்டம் இல்லையென்றால் அந்தக் குழந்தை பிறக்கவே போவதில்லை. பாரத்தோடு பிறப்பது, பிறக்காமலே இருப்பதைவிட மோசமா? நீங்களே சொல்லுங்கள்: பிறந்திருக்கவே வேண்டாம் என்று நினைத்ததுண்டா?

இரண்டாமவன்

இல்லை. ஒருநாளும் இல்லை.

ஏரணன்

இது கூர்மையான கேள்வி. இதற்கு எளிய பதில் இருப்பதாக நான் நடிக்கப்போவதில்லை. தான் பிறந்ததற்காகக் குழந்தை வருத்தப்படாது என்பதாலேயே, நாம் எந்த நோக்கத்தோடும் பிறப்பிக்கலாம் என்று ஆகிவிடுமா? கொத்தடிமையாக்குவதற்கென்றே ஒரு பிள்ளையைப் பெறுகிறவனும் இதே வாதத்தைச் சொல்லலாம்: 'நான் பெறாவிட்டால் அவன் இருந்திருக்கவே மாட்டான்.' பிள்ளை வாழ்க்கையை நேசிக்கலாம். பெற்றவன் செய்தது தவறாகவே இருக்கும்.

மருத்துவர் மகன் உவமையிலும் ஓட்டை இருக்கிறது. அவன் 'எனக்கு வேண்டாம்' என்று சொன்னால் அப்பா ஏமாந்துபோவார், அவ்வளவுதான். உங்கள் நகல் அதைச் சொன்னால் நீங்கள் செத்துப்போகிறீர்கள், உங்கள் கணக்கின்படியே. ஒரு பிள்ளை தன் விருப்பத்தைச் சொல்வதையே கொலையாக மாற்றுகிற ஏற்பாடு வேறு எங்காவது இருக்கிறதா?

இரட்டைக்கிளவி

இதைப் படித்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். 'நான் சாகாமல் இருக்க நீ என்னைப்போலவே வாழ வேண்டும் என்றால் செய்வாயா?' என்று கேட்டேன். 'நீ வாங்கியிருக்கும் வீட்டுக் கடனையுமா?' என்றான்.

வழிப்போக்கன்

நான் காலக்கணக்கன் பக்கம். வாழையடி வாழையாக என்று நாமே வாழ்த்துகிறோம். வாழைக்கு விதை ஏது? பக்கக்கன்று தாய்மரத்தின் அப்பட்டமான குளோன். அது சாகாமல் ஆயிரக்கணக்கான வருடமாக வந்துகொண்டிருக்கிறது. இயற்கை தரும் சான்றே கையில் இருக்கும்போது தத்துவவாதிகள் எதற்கு?

ஆய்வகத்து எலி

நல்ல உவமை. ஆனால் நீங்கள் நினைக்கும் பக்கம் அது நிற்கவில்லை. குலை தள்ளியதும் தாய்மரம் என்ன ஆகிறது? வெட்டிச் சாய்த்துவிட்டுக் கன்றை வளர்ப்போம். கன்று நிற்பதால் மரம் விழவில்லை என்று அதைத் தோளில் சுமந்தவர் யாரும் சொன்னதில்லை. வரிசை நீள்கிறது, மரம் போய்விடுகிறது. குளோன் வரிசைக்குள்ள ஆபத்தையும் அங்கேயே பார்க்கலாம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் உலகச் சந்தையை ஆண்டது குரோ மிஷேல் என்ற வாழை ரகம். எல்லாம் ஒரே மரபணு என்பதால் பனாமா வாடல் நோய் வந்தபோது தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தது. 1960களில் ஏற்றுமதிச் சந்தையிலிருந்து பெரும்பாலும் போய்விட்டது.

மனிதரிலேயே சான்று வேண்டுமா? ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற பெண்மணி 1951 அக்டோபரில், 31 வயதில், புற்றுநோயால் இறந்தார். அந்த ஆண்டு அவரைக் கேட்காமலே எடுத்த கட்டியின் செல்கள் ஆய்வகங்களில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவருடைய செல்கள்தாம், ஐயமே இல்லை. நான் மாணவனாக இருந்தபோது அவற்றுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊட்டக்கரைசல் மாற்றியிருக்கிறேன். நுண்ணோக்கியில் பார்த்தால் குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டு கூழாங்கல் பரப்பியதுபோல இருக்கும். அவர் பிள்ளைகள் தாயில்லாமல் வளர்ந்தார்கள். மரணமின்மை இதுதான் என்றால் அது அந்த அம்மாவுக்கு 1951லேயே கிடைத்துவிட்டது.

வழிப்போக்கன்

குதர்க்கம். செல் வேறு, முழு மனிதன் வேறு.

ஏரணன்

அதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம் நண்பரே.

மட்டுறுத்துநர்

மறுபிறவி, ஆன்மா பற்றிய நாற்பது பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே குளோனிங் மட்டும். வழிப்போக்கன், தத்துவவாதிகளைத் திட்டிய கடைசிப் பதிவு நீக்கப்பட்டது.

காலக்கணக்கன்

நான்கு நாட்களாக எழுதாததற்குக் காரணம் மருத்துவமனைப் பரிசோதனை. எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

ஊசிக் கேள்வியை விட்டு வெளியே வர முடியவில்லை. பழக்கம் என்று அன்று சமாளித்தேன். ஆனால் காத்திருக்கும் அறையில் அதையே திருப்பிப் போட்டுப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அவன் என்ன நினைப்பான்? நான் கையை நீட்டுவதற்காகக் காத்திருப்பானா, தடுக்க எழுந்திருப்பானா? எழுந்திருப்பான் என்றால் அவன் நானில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேறு ஒருவன். காத்திருப்பான் என்றால் அப்படிப்பட்டவனை நான் வளர்த்திருக்கக் கூடாது.

ஆகவே 'நான் தொடர்வேன்' என்பதைக் கைவிடுகிறேன். ஆனால் முழுதாகச் சரணடைந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். எனக்குப் பின் என் சாயலில் ஒன்று நிற்க வேண்டும் என்ற ஆசை அப்படியே இருக்கிறது. அது ஆசைதான், உரிமை அல்ல என்பதுவரை வந்திருக்கிறேன். தடைச்சட்டம் என்றென்றைக்கும் வேண்டும் என்பதில் இன்னும் எனக்கு உடன்பாடில்லை; முல்லைக்கொடி அம்மா சொன்ன தம்பதியின் பக்கம் நின்று அதைத் தனியே வாதிடுவேன்.

இரண்டாமவன் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும். விவாதத்துக்காக இல்லை. அந்த மர நிலை இன்னும் இருக்கிறதா?

இரண்டாமவன்

இருக்கிறது ஐயா. பிறகு எத்தனையோ முறை வீட்டுக்கு வண்ணம் அடித்தும் அதில் மட்டும் தூரிகை படவில்லை. ஏழாவது கோடும் இருக்கிறது. யாரும் இல்லாதபோது நானே போட்டுக்கொண்டேன், ஓர் அளவுகோலைத் தலைமேல் படுக்கவைத்து. குதிகாலைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான்.